கொழுந்து பறித்த கை கோதுமை அறுக்கிறது

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 43. வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். வீட்டில் மனைவி, 11 வயது மகன், 68 வயது அம்மா. அம்மா இலங்கை மலையகத்தில் பிறந்தவர். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பம். பதினாறு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர், தேயிலைத் தோட்டத்தில் 38 வருடம் கொழுந்து பறித்துவிட்டு ஓய்வுபெற்றார். தோட்டம் கொடுத்திருந்த லயன் (வரிசை) வீட்டைக் காலி செய்துவிட்டுக் கணவரோடு மகன் வீட்டுக்கு வந்தார். கணவர் மூன்று வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார்.

எட்டு மாதத்துக்கு முன்பு பேரன் அவருடைய செல்போனில் ஒரு பண்ணை விளையாட்டை இறக்கிக் கொடுத்திருக்கிறான். விதைப்பது, அறுப்பது, கோழிக்குத் தீவனம் போடுவது, விளைந்ததை விற்பது என்று போகிற விளையாட்டு. விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்து போர்வைக்குள் உட்கார்ந்து தொடங்கிவிடுகிறாராம். மதியம் ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் மூன்று, நான்கு மணி நேரம். இரண்டு தடவையாக 2,340 ரூபாயும் அதற்குள் போயிருக்கிறது. ஒரு காதணி விழாவில் உறவினர்கள், “உங்க அம்மா கேம் ஆடுறாங்களாமே” என்று சிரித்திருக்கிறார்கள். மைத்துனர் ஒருவர், ஆன்லைன் விளையாட்டை அரசாங்கம் தடை செய்துவிட்டது, போலீஸ் வரும் என்று பயமுறுத்தியிருக்கிறார். மனைவியோ மாமியார் பக்கம்; மூளைக்கு நல்லது என்று எங்கோ படித்ததாகச் சொல்கிறார். ஒன்பது நாளைக்கு முன்பு கடிதக்காரர் செல்போனை வாங்கிக் கடை மேசையில் வைத்துப் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து அம்மா பாதிச் சாப்பாடு சாப்பிடுகிறார், யாரோடும் பேசுவதில்லை. “இதிலிருந்தே அடிமையாகிவிட்டார் என்று தெரிகிறது அல்லவா? ஞாபகமறதி நோயின் தொடக்கமா? மறுவாழ்வு மையத்தில் சேர்க்கலாமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது. “இலங்கையில் ஹட்டனில் இருக்கும் சித்திகூட என் நம்பருக்கு அழைத்து, அக்கா ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்டார்.” அந்த வரிக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கேள்விகள்.

இந்தப் பதிலுக்காக நானும் அந்த விளையாட்டைப் பத்து நாள் விளையாடிப் பார்த்தேன். விளம்பரமாகிவிடும் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். கோதுமை 2 நிமிடத்தில் விளைகிறது. மக்காச்சோளத்துக்கு 5 நிமிடம், கேரட்டுக்கு 10 நிமிடம். கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் போட்டுவிட்டு மூன்று மாதம் வானத்தைப் பார்க்கிறவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ. களஞ்சியத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் பலகையும் போல்ட்டும் டேப்பும் சேர வேண்டும். அவை எளிதில் கிடைப்பதில்லை. சாலையோரக் கடையில் விலையை நாமே வைக்கலாம். கூட வைத்தால் சரக்கு கிடந்துபோகும், குறைத்து வைத்தால் நமக்கு நஷ்டம். நாலாம் நாள் என் களஞ்சியம் நிரம்பி வழிந்து, எதை விற்பது எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விழித்தேன். உங்கள் அம்மா எட்டு மாதமாக இதை நிர்வகிக்கிறார். ஆங்கிலம் தெரியாமல், படத்தை மட்டும் பார்த்து.

இது நோயா?

வீடியோ கேம் விளையாடுவதில் நோய் என்று ஒன்று இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டு அடிமைநிலைக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் அதற்கு மூன்று அடையாளங்கள் கேட்கிறார்கள். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது கைமீறிப் போயிருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், உறவு, வேலை எல்லாவற்றையும் விளையாட்டு பின்னுக்குத் தள்ளியிருக்க வேண்டும். கெடுதல் நேர்ந்தும் விடாமல் தொடர வேண்டும். இந்த மூன்றோடு, இதனால் வாழ்க்கையே பெரிய அளவில் சீர்குலைந்திருக்க வேண்டும். பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்ற கணக்கு அந்த வரையறையில் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி உங்கள் கடிதத்தை வைத்தே பார்ப்போம். காலையில் ஆறு மணிக்குச் செல்போனை வைத்துவிட்டு எல்லோருக்கும் தேநீர் போடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுகிறார். செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போகிறார். சர்க்கரை மாத்திரையை மறப்பதில்லை. இதில் எது பின்னுக்குப் போயிருக்கிறது? தொலைக்காட்சித் தொடரைக் கைவிட்டுவிட்டார் என்று ஒரு குறை சொல்கிறீர்கள். அதை நோயின் அறிகுறியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நாலரை மணிக்கு எழுவதைப் பற்றி மிகவும் கவலைப்பட்டிருக்கிறீர்கள். 38 வருடம் பிரட்டுக் களத்துக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று எழுந்த உடம்பு அது. தவிர, வயதாக ஆகத் தூக்கம் முன்கூட்டியே கலைவது இயல்பு. விளையாட்டு அவரை எழுப்புவதில்லை. எழுந்த பிறகு இருக்கிற இருட்டுப் பொழுதை அவர் அதில் கழிக்கிறார். “அந்த நேரத்தில் காலாற நடக்கலாமே” என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, கோத்தகிரியில், காலை ஐந்து மணிக்கு, தேயிலைக் காட்டு ஒற்றையடிப் பாதையில்? கரடிக்கும் காட்டெருமைக்கும் பயந்து நாம் இருட்டுமுன் கதவைச் சாத்துகிற ஊரில் அம்மாவை நடக்க அனுப்பப் பார்க்கிறீர்களே. வெயில் வந்த பிறகு, கூட ஒருவரோடு, தார்ச்சாலையில் நடக்கட்டும். அது நல்லது.

ஞாபகமறதி பற்றி. புது விளையாட்டு ஒன்றைக் கற்று, எந்தப் பயிர் எத்தனை நிமிடம் என்று நினைவில் வைத்து, விலை வைத்து விற்கிறவரைப் பார்த்து எனக்கு அந்தச் சந்தேகம் முதலில் வராது. நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு: சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய வழியில் தடுமாறுவது, சில்லறை எண்ணுவதில் குழப்பம், அடுப்பை அணைக்க மறப்பது, குணமே மாறிப்போவது. இவற்றில் எதையும் நீங்கள் எழுதவில்லை. ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். வயதானவர்களுக்குத் திடீரென்று கட்டுக்கடங்காத சூதாட்டமோ செலவோ தொற்றிக்கொண்டால் என்னைப் போன்ற டாக்டர்கள் மருந்துச் சீட்டைக் கேட்போம்; பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அப்படிச் செய்யும். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை மறதி நோயிலும் அது வரலாம். உங்கள் அம்மா எடுப்பது சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும்தான் என்பதால் இந்தக் கவலை இங்கே பொருந்தாது.

உங்கள் மனைவிக்கும் ஒரு வார்த்தை. மூளைக்கு நல்லது என்று அவர் படித்தது அநேகமாக 2013-இல் நேச்சர் இதழில் வந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாக இருக்கும். 60 முதல் 85 வயது வரை உள்ளவர்களைக் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றில் ஒரு மாதம் பழக்கினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிக்கும் திறன் அவர்களுக்குக் கூடியது. பழக்கமில்லாத இருபது வயதுக்காரர்களையே மிஞ்சினார்கள், ஆறு மாதம் கழித்தும் அந்தப் பலன் நின்றது. ஆனால் அது அந்த ஆய்வுக்கென்றே வடிவமைத்த விளையாட்டு. கோழிக்குத் தீவனம் போட்டால் மறதி நோய் அண்டாது என்று அதிலிருந்து யாரும் சொல்ல முடியாது. அம்மா விளையாடுவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் தேவையில்லை; பிடித்திருக்கிறது, விளையாடுகிறார்.

யார் விளையாடலாம் என்று யார் முடிவு செய்தது?

உங்கள் கடிதத்தில் “இந்த வயதில்” என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது, எண்ணினேன். “தோட்டத்தில் வேலை செய்த பொம்பளைக்கு” என்று ஓரிடத்தில். வீடியோ கேம் என்றால் பதினைந்து வயதுப் பையன், கலைந்த தலை, பூட்டிய அறை என்று நம் மனதில் ஒரு படம் பதிந்திருக்கிறது. நானும் அந்தப் படத்தோடுதான் தொழிலுக்கு வந்தேன். 2014 வாக்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அவருடைய மகள் என்னிடம் அழைத்து வந்தார். மனிதர் கணினியில் கார் பந்தயம் ஓட்டுகிறார், அதுதான் புகார். நான் அதிகம் யோசிக்காமல் அதை அழித்துவிடச் சொன்னேன். சொன்னபடி கேட்கிற மனிதர், அழித்துவிட்டார். மூன்றாம் மாதம் மன அழுத்தத்தோடு திரும்பி வந்தார். முதல் தடவையே அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மகளிடம் மட்டும் அல்லவா பேசினேன்.

அதற்குப் பிறகு வருகிறவர்களிடம் கேட்கத் தொடங்கினேன். பதில்கள் வேடிக்கையாக இருக்கின்றன. வாழ்நாளில் விமானம் ஏறாத, ஓய்வுபெற்ற தோட்டக் கண்டக்டர் (தோட்ட வேலையை மேற்பார்வையிடுகிறவர்) ஒருவர் தினமும் மாலையில் கணினியில் விமானம் ஓட்டுகிறார். இறங்கும்போது காற்று எந்தப் பக்கம் என்று எனக்குப் பாடம் எடுத்தார். நடுச்சாமத்தில் கேரட் பிடுங்கக் கிளம்புகிற ஒரு தொழிலாளி, கழுவும் இயந்திரம் ஓடுகிற நேரத்தில் லாரியில் சாய்ந்துகொண்டு கால்பந்துக் கோப்பைகளை வென்று குவிக்கிறார். குன்னூர்ப் பக்கம் ஒரு கன்னியாஸ்திரி, இரவு ஜெபம் முடிந்ததும் டெட்ரிஸ். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது, மடத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. நானும் பர்லியார் வளைவில் மண் சரிந்து மூன்று மணி நேரம் பேருந்து நின்றபோது செல்போனில் வண்ண உருண்டைகளை உடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என் நோயாளி என்பது பிறகுதான் தெரிந்தது.

உலகத்தைப் பார்த்தால் ஜப்பானில் ஹமாகோ மோரி என்ற பெண்மணி இருக்கிறார். 1930-இல் பிறந்தவர். 51 வயதில் முதல் முறையாக வீடியோ கேம் கருவி வாங்கினார். 2020-இல், 90 வயதில், உலகின் மிக மூத்த யூடியூப் விளையாட்டுக்காரர் என்று கின்னஸ் அவரைப் பதிவு செய்தது. அமெரிக்காவில் 1936-இல் பிறந்த ஷெர்லி கரி, தன் மகனிடம் விளையாடக் கற்றுக்கொண்டவர். ஸ்கைரிம் என்ற விளையாட்டில் வாளேந்தி அலைவதை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அந்தத் தொடரின் அடுத்த விளையாட்டில் அவரையே ஒரு பாத்திரமாக வைக்கப்போவதாக 2019-இல் அதை உருவாக்கும் நிறுவனம் அறிவித்தது. அங்கே மகன் கற்றுக்கொடுத்தான், உங்கள் வீட்டில் பேரன்.

அவ்வளவு தூரம் போவானேன். வைகுண்ட ஏகாதசி இரவு முழுக்கக் கண்விழித்து நம் பாட்டிகள் பரமபதம் ஆடினார்கள், தாயம் உருட்டினார்கள். பல்லாங்குழியில் புளியங்கொட்டைக்காகச் சண்டை போட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்த அத்தைகளை எனக்குத் தெரியும். அவர்களை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. காதணி விழாவில் சிரித்தவர்களில் எத்தனை பேர் மண்டபத்தின் பின்புறம் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

“வாழ்நாள் பூராவும் காட்டில் பறித்தது போதாதா, போனிலுமா பறிக்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். என் பதில் ஊகம்தான். 38 வருடம் அவர் பறித்தது யாருடைய கொழுந்து? கூடை நிறைந்தால் எடை போட ஒருவர், கிலோ குறைந்தால் கத்த ஒருவர், காலில் அட்டை, முதுகில் மழை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிய விரலுக்கு அந்தச் செடியில் ஒன்றுகூடச் சொந்தமில்லை. குடியிருந்த லயன் வீடும் வேலை இருக்கிறவரைதான். இந்தப் பண்ணையில் நிலம் அவருடையது. எதை விதைப்பது, எந்த விலைக்கு விற்பது என்பதை அவர் சொல்கிறார். வேண்டாம் என்றால் அறுக்காமல் விட்டுவிடலாம், யாரும் பேர் வெட்டி அன்றைய கூலியை நிறுத்தமாட்டார்கள். இது சரியா தவறா என்று என்னிடம் கேட்க வேண்டாம். அம்மாவிடம் கேளுங்கள். எட்டு மாதத்தில் ஒரு முறையாவது “என்னம்மா போட்டிருக்கிறாய்?” என்று கேட்டீர்களா?

பணம், சட்டம், வெளியாட்கள்

உங்கள் கவலையில் நியாயமானது இந்தப் பகுதிதான்.

மைத்துனர் சொன்னதைத் திருத்திக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் குறிவைப்பது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற விளையாட்டுகளை. அவற்றை நடத்துகிறவர்களுக்கு மூன்று வருடம் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளம்பரம் செய்கிறவர்களுக்கும் தண்டனை உண்டு. விளையாடுகிறவரைத் தண்டிக்க அதில் இடமில்லை. தமிழ்நாட்டில் 2022-லேயே ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது. பண்ணை விளையாட்டில் அம்மா செலவழித்த பணம் திரும்பி வரப்போவதில்லை, வரும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. அது சூதாட்டம் ஆகாது. உங்கள் வீட்டு வாசலுக்குப் போலீஸ் வராது.

ஆனால் 2,340 ரூபாய் எப்படிப் போனது என்பதை உட்கார்ந்து பேசித் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா தெரிந்து வாங்கினாரா, விரல் பட்டுப் போனதா, பேரன் தட்டினானா? கடிதத்தில் மூன்றுக்கும் இடமிருக்கிறது. நீங்கள் கேட்காமலே அம்மா மேல் எழுதிவிட்டீர்கள். செல்போனில் எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி அமைக்கலாம். பத்து நிமிட வேலை. தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதல் எதுவும் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓய்வூதியம் வரும் கணக்கைச் செல்போனிலிருந்து பிரித்துவிட்டு, சிறு தொகை மட்டும் இருக்கும் வேறு கணக்கை இணைப்பது நல்லது. மாதம் நூறோ இருநூறோ விளையாட்டுக்கு வேண்டுமென்றால் அந்தத் தொகையை அம்மா சொல்லட்டும். அது அவருடைய வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம். நீங்கள் கடை முடிந்து வரும்போது தேநீருக்கும் பஜ்ஜிக்கும் செலவழிப்பதை அவர் கணக்குக் கேட்பதில்லை.

நான் பயப்படுவது விளையாட்டைவிட அதைச் சுற்றி நிற்கிறவர்களுக்கு. விளையாட்டுக்குள் செலவழிக்கிற வைரத்தை இலவசமாகத் தருகிறோம் என்று ஒரு சுட்டி வரும். குழு உரையாடலில் அன்பாகப் பேசுகிற ஒருவர் ஒரு நாள் ஓடிபி கேட்பார். நடுவில் வருகிற விளம்பரம் ரம்மிக்கோ வேறெதற்கோ இழுக்கும். படத்தைப் பார்த்தே பழகுகிறவருக்கு எது விளையாட்டு, எது வலை என்று பிரித்தறிவது கடினம். மூன்று விதியை அவரோடு சேர்ந்து ஏற்படுத்திக்கொள்ளுங்கள்: எண் எதையும் யாருக்கும் சொல்வதில்லை, விளையாட்டுக்கு வெளியே போகும் எதையும் தொடுவதில்லை, சந்தேகம் வந்தால் பேரனையோ மருமகளையோ கூப்பிடுவது. ஏமாந்து பணம் போனால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு. ஏமாந்ததற்கு மகன் திட்டுவான் என்ற பயம் இருந்தால் அவர் உங்களிடம் சொல்லவே மாட்டார், பணமும் போய்விடும்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. செல்போன் பார்த்ததால் கண்புரை வராது. ஆனால் 68 வயதில், சர்க்கரையும் இருக்கையில், விழித்திரைப் பரிசோதனை வருடத்துக்கு ஒரு முறை வேண்டும். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் வறளும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க நிறைய இருக்கிறது. கட்டைவிரல் வலி என்கிறீர்களே, அதற்குச் செல்போன் மட்டும் காரணமாக இருக்காது. கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டோரம் ஓடும் தசைநாண் உறை வீங்குவது கொழுந்து கிள்ளிய கைகளில் நான் அடிக்கடி பார்ப்பது. செல்போனை மேசையில் சாய்த்து வைத்து ஆட்காட்டி விரலால் விளையாடட்டும். குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். போர்வைக்குள் காலை மடக்கி ஒரே இடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்காருவது மட்டும் வேண்டாம்.

ஒன்பது நாள்

செல்போனை வாங்கியதும் அம்மா சுருண்டுவிட்டார், ஆகவே அடிமைதான் என்பது உங்கள் வாதம். குடிப்பவரிடமிருந்து பாட்டிலை வாங்கினால் கை நடுங்குகிறதல்லவா என்று ஒப்பிட்டும் இருக்கிறீர்கள். இங்கேதான் ஹட்டன் சித்தியின் வரிக்கு வருகிறேன்.

நீங்கள் பூட்டி வைத்தது விளையாட்டை மட்டும் இல்லை. ஒப்பந்தம் பிரித்த குடும்பங்களில் உங்களுடையதும் ஒன்று. அக்கா இங்கே, தங்கை அங்கே. சிறுவயதில் பிரிந்த தங்கையோடு அவர் இப்போது முகம் பார்த்துப் பேசுவது அந்தச் செல்போனில்தான் என்று நினைக்கிறேன். உங்கள் அப்பாவின் படங்கள் அதில் இருக்கலாம். நேரம் பார்ப்பதும், அலாரம் வைப்பதும் அதில். அதோடு, பேரன் முன்னால் மகன் தன் கையிலிருந்து பிடுங்கினான் என்ற அவமானம். இத்தனையையும் ஒரே நாளில் இழந்தவர் பேசாமல் படுத்திருக்கிறார் என்றால் அதற்கு அடிமைநிலை என்று பெயர் வைக்க நான் தயங்குவேன். துக்கம் என்ற பழைய பெயரே போதும்.

அதை இலேசாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கணவரை இழந்து மூன்று வருடமானவர் மறுபடி உள்ளுக்குள் சுருங்குவது ஆபத்து. செல்போனைக் கொடுத்த பிறகும் இரண்டு வாரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், பேச்சு பழைய நிலைக்கு வராவிட்டால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். “இருந்து என்ன பயன்” என்பது மாதிரி ஒரு சொல் வந்தாலோ, சாப்பாட்டை முழுதாக நிறுத்தினாலோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவையின் 14416 எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

மறுவாழ்வு மையம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அவை பெரும்பாலும் மதுவுக்கும் போதைப்பொருளுக்குமானவை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, விருப்பமில்லாத ஒருவரை உள்ளே வைக்கக் கடுமையான மனநோயும், அவருக்கோ பிறருக்கோ ஆபத்தும் இருக்க வேண்டும். மருத்துவர்கள் பார்த்துச் சான்று தர வேண்டும். சுயநினைவோடு, சொந்தப் பணத்தில், சொந்தச் செல்போனில் கோதுமை அறுக்கிறவரைச் சேர்க்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை. அதே போல அவருடைய செல்போனைப் பூட்டி வைக்க மகன் என்ற முறையில் உங்களுக்கு உரிமையும் இல்லை. அவர் வழக்குப் போடப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

உங்கள் மகன் கேட்கிறானாமே, “அப்பாயிக்கு மட்டும் ஏன்?” என்று. அவனுக்கும் அவருக்கும் ஒரே விதி இருக்க வேண்டியதில்லை. அவனுக்குப் பள்ளி இருக்கிறது, வளர்கிற உடம்பு, தூக்கம் வேண்டும். அவர் வேலையை முடித்து ஓய்ந்தவர். அதை அப்படியே சொல்லுங்கள், பதினொரு வயதுக்குப் புரியும். வேண்டுமானால் சாயங்காலம் அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து விளையாடட்டும். அவனுக்கு அது விளையாட்டு நேரக் கணக்கில் சேரும், அவருக்குச் சேராது.

கால அளவு வைத்தே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அதையும் அவரிடம் கேட்டே வையுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் வேண்டாம் என்பதை மட்டும் நான் வலியுறுத்துவேன், தூக்கத்துக்காக.

இன்று மாலை கடையைப் பூட்டும்போது செல்போனை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போகுமுன் கடையிலேயே சார்ஜ் ஏற்றிவிடுங்கள். முதலில் ஹட்டனுக்கு அழைத்து, சித்தி பேசத் தொடங்கிய பிறகு அம்மாவின் கையில் கொடுங்கள். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து, பண்ணையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த விளையாட்டில் பயிர் வாடுவதில்லை, பத்து நாளில் நான் கவனித்தது. ஒன்பது நாளைக்கு முன்பு அவர் விதைத்தது அப்படியே விளைந்து நிற்கும். களஞ்சியத்தில் இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்.